பூட்டு சிம்பல் இருந்தும் வழியில என்னென்ன தெரியும்?

இன்டர்நெட் கம்பெனில நெட்வொர்க் வேலைன்னு சொன்னாலே தெரிஞ்சவங்க கேக்குற மொத கேள்வி, "நாங்க போன்ல பாக்குறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா"ன்னு தான். பாதி தெரியும், பாதி தெரியாது. எது தெரியும் எது தெரியாதுங்கிறத தான் நிறைய பேர் மாத்தி நினைச்சிட்டு இருக்காங்க.

வாட்ஸ்அப் மெசேஜ், பேங்க் பாஸ்வேர்ட், கூகுள்ல என்ன தேடுனீங்க, ஒரு சைட்டுக்குள்ள எந்தப் பக்கத்த படிச்சீங்க, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எச்டிடிபிஎஸ் பூட்டு (உங்களுக்கும் சைட்டுக்கும் நடுவுல போறத மறைச்சு அனுப்புற முறை) இருந்தா நடுவுல இருக்குற எந்த ரூட்டராலயும் அத படிக்க முடியாது. ஆனா எந்த சைட்டுக்குப் போனீங்க, எத்தன மணிக்குப் போனீங்க, எவ்வளவு டேட்டா ஓடுச்சு, இது தெரியும்.

அதனால என்னன்னு தோணும். புதுசா வேலைக்கு சேர்ற பசங்களுக்கு லேப்ல வயர்ஷார்க்னு, நெட்வொர்க்ல ஓடுறத பாக்குற சாஃப்ட்வேர் ஓட்டி நான் காட்டுறதே இத தான். போர்ட் 53 (சைட் பேர தேடுற கேள்விங்க போற வழி)னு ஃபில்டர் போட்டா போதும், சைட் பேரு ஒவ்வொண்ணும் அப்படியே எழுத்துல வரிவரியா வரும், நேரத்தோட. ஒரு வீட்டு கனெக்‌ஷன்ல இருந்து ராத்திரி 11 மணிக்கு ஒரு கருத்தரிப்பு மையத்தோட பேரு வருது, ரெண்டு நிமிஷம் கழிச்சு பர்சனல் லோன் ஆப்போட பேரு வருதுன்னு வைங்க. உள்ள என்ன படிச்சாங்கன்னு பாக்கவே வேணாம், அந்த வீட்டுல என்ன கவலைன்னு இந்த ரெண்டு வரியே சொல்லிடும்.

இதுக்குக் காரணம் டிஎன்எஸ். சைட் பேர ஐபி அட்ரஸா மாத்தித் தர்ற வேலை அதோடது, இப்பவும் ஓடுற அதோட ஸ்டாண்டர்ட் 1987ல எழுதுனது, அதுல என்க்ரிப்ஷனே, அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாதபடி மறைக்கிறதே, கிடையாது. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்க்கு அடியில இருக்குற அதே பூட்டு) மேல டிஎன்எஸ் அனுப்புற முறை 2016லயும் எச்டிடிபிஎஸ் மேல அனுப்புற முறை 2018லயும் வந்தாச்சு, ஆனா நம்ம ஆளுங்க போன்ல அத யாரும் கண்டுக்குறதே இல்ல.

ஆண்ட்ராய்டு 9க்கு மேல எல்லா போன்லயும் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு. அது 'ஆட்டோமேட்டிக்'ல இருந்தா, உங்க நெட்வொர்க்கோட டிஎன்எஸ் சர்வருக்கு என்க்ரிப்ஷன் தெரிஞ்சா மட்டும் தான் மறைச்சு அனுப்பும், தெரியலன்னா சத்தமே இல்லாம பழையபடி திறந்தே அனுப்பிடும். அதனால என்க்ரிப்ஷன் தெரிஞ்ச ஒரு டிஎன்எஸ் சர்வரோட பேர நீங்களே போட்டுடுங்க, 1.1.1.1 மாதிரி ஐபி நம்பர் போட்டா ஏத்துக்காது, எழுத்துல இருக்குற பேரு (ஹோஸ்ட்நேம்) தான் கேக்கும். ஒரு தொந்தரவும் இருக்கு: ஓடிபி கேக்குற பொது வைஃபைல சில சமயம் லாகின் பக்கமே திறக்காது, உடனே ஆஃப் பண்ணிடுவாங்க, அப்புறம் திரும்ப ஆன் பண்ண மறந்துடுவாங்க. லாகின் முடிஞ்சதும் ஆன் பண்ணிடுங்க ப்ளீஸ்.

இதப் போட்டாலும் முழுசா மறையாது. கனெக்‌ஷன் ஆரம்பிக்கும்போது பிரவுசர் அனுப்புற மொத டிஎல்எஸ் மெசேஜ்லயே சைட் பேரு திறந்து போகும், எஸ்என்ஐன்னு சொல்லுவோம். அதையும் மறைக்கிற இசிஎச் 2023லயே குரோம், பயர்பாக்ஸ் ரெண்டுலயும் வந்துருச்சு, ஆனா சைட் நடத்துறவங்களும் போட்டாதான் வேலை செய்யும்.

அப்போ எல்லாத்தையும் இன்னொரு கம்பெனி சர்வர் வழியா மறைச்சு அனுப்புற விபிஎன் போட்டா? எங்க கண்ணுல இருந்து மறையும், ஆனா அதே தகவல் அப்படியே விபிஎன் கம்பெனி கைக்குப் போகும், அவ்வளவு தான். ஃபேஸ்புக் 2013ல ஒனாவோன்னு ஒரு கம்பெனிய வாங்கி அதோட விபிஎன் ஆப் மூலமா மக்கள் வேற எந்தெந்த ஆப் யூஸ் பண்றாங்கன்னு பாத்துட்டு இருந்துச்சு, 2018ல ஆப்பிள் ஸ்டோர்ல இருந்து அத எடுக்க வேண்டியதா போச்சு. காசு வாங்காத விபிஎன் ஆப்ப பாக்கும்போதெல்லாம் எனக்கு இது தான் ஞாபகம் வரும். நம்ம நாட்டுல 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி விபிஎன் கம்பெனிங்க வாடிக்கையாளர் பேரு, அட்ரஸ், ஐபி எல்லாத்தையும் 5 வருஷம் வச்சிருக்கணும், அதனால தான் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் மாதிரி சிலர் இந்தியால இருந்த சர்வர்களையே எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, உங்க டிராஃபிக் எந்த வழியா போகுதுங்கிறதே மாறலாம். நெட்வொர்க்குங்க ஒண்ணுக்கொண்ணு "இந்த ஐபி எங்க வழியா வரும்"னு சொல்லிக்கிறது பிஜிபிங்கிற முறையில, அதுல பொய் சொன்னாலும் ரொம்ப காலம் அப்படியே நம்பிட்டு இருந்தாங்க. 2018 ஏப்ரல் 24ல அமேசானோட டிஎன்எஸ் சர்வர் ஐபிகள யாரோ இப்படி திருப்பிவிட்டு, மைஈதர்வாலட்ங்கிற கிரிப்டோ வாலட் சைட்ட தேடி வந்தவங்கள போலி சைட்டுக்கு அனுப்பி கிரிப்டோவ திருடுனாங்க. அன்னைக்கு பிரவுசர் சர்டிபிகேட் சரியில்லன்னு வார்னிங் காட்டுச்சு, அத தாண்டி கிளிக் பண்ணி உள்ள போனவங்க தான் பணத்த விட்டாங்க. அந்த வார்னிங் வந்தா நிறுத்திடுங்க, எவ்வளவு அவசரமா இருந்தாலும்.

இப்ப ஆர்பிகேஐன்னு ஒண்ணு இருக்கு, ஐபி யாரோடதுன்னு கையெழுத்து போட்டு வைக்கிறது, அத சரிபாக்குற ரூட்டர் தப்பான அறிவிப்ப தூக்கிப் போட்டுடும். உங்க ஐபிக்கு ஆர்ஓஏ (அந்த கையெழுத்து போட்ட பதிவு) போடறது ரொம்ப நேரம் பிடிக்கிற வேலையே இல்ல, சின்ன ஐஎஸ்பி (இன்டர்நெட் கம்பெனி) நடத்துற நண்பர்கள் இன்னும் தள்ளிப் போடாதீங்க.

கடைசியா என் ஃபீல்டு ஆளுங்களுக்கு. கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்தா கேப்சர் (நெட்வொர்க்ல ஓடுறத ஃபைலா பதிவு பண்றது) எடுக்குறது சகஜம், ஆனா அந்த ஃபைல அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்க பாருங்க, அது அந்த கஸ்டமரோட அந்தரங்கம், நம்மளோடது இல்ல. ஸ்னாப்லென்த் (ஒவ்வொரு பாக்கெட்லயும் எவ்வளவு பதிவு ஆகணும்ங்கிற அளவு) 96 பைட் வச்சா ஹெடர், அதாவது பாக்கெட் முன்னாடி இருக்குற அட்ரஸ் பகுதி, மட்டும் தான் வரும்னு சமாதானம் சொல்லுவாங்க, ஆனா டிஎன்எஸ் பாக்கெட்ல ஹெடருங்க எல்லாம் சேந்து 54 பைட் தான், மிச்சம் 42 பைட்ல சைட் பேரு பெரும்பாலும் முழுசா உக்காந்துடும். பிரச்சனை டிஎன்எஸ்ல இல்லன்னா போர்ட் 53, அப்புறம் போர்ட் 443ல (எச்டிடிபிஎஸ்) சைட் பேரோட போற மொத டிஎல்எஸ் மெசேஜ், ரெண்டையும் ஒதுக்கிட்டு எடுங்க, ஃபைல டிக்கெட்லயே வைங்க, டிக்கெட் க்ளோஸ் ஆகுற அன்னைக்கே அழிச்சிடுங்க.