வீட்டில் யாருக்கும் ஒட்டவில்லையா? அதனால் என்ன?

மழை தொடங்கியதிலிருந்து கிளினிக்கில் ஃப்ளூ காய்ச்சல்தான், ஒரே வசனம்தான். "நேத்துதான் டாக்டர் காய்ச்சல். டோலோ போட்டேன், குறைஞ்சுது, முகூர்த்தத்துக்குப் போயிட்டு வந்துட்டேன்." மாஸ்க்? "போட்டோ எடுக்கணுமே." அப்புறம் நான் கோபப்படுவதைப் பார்த்ததும் வரும் சமாதானம்: "வீட்டுல யாருக்கும் ஒட்டலையே, இது ஒட்டுற காய்ச்சல் இல்ல."

போன வாரம் இதைச் சொன்ன ஒருவரின் உறவினர்கள் வரிசையாகக் காய்ச்சலோடு என்னிடமே வந்தார்கள். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவருக்கு ஏற்கெனவே நுரையீரல் நோய். நேராக அட்மிஷன். அதன் பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் ஒட்டவில்லை என்பதால் ஒட்டாத நோய் ஆகிவிடாது. 2020-ல் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள் தெருத்தெருவாக அலைந்து, 84,965 கோவிட் நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். (அந்த வேலையின் அருமை அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.) முடிவு அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்தது. நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று தென்படவில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களிலேயே நூற்றுக்கு 9 பேர் அளவுக்குத்தான் பரவியிருந்தது. அதாவது, ஊரையே முடக்கிய கோவிட்டிலும் பெரும்பாலானவர்கள் "வீட்டுல யாருக்கும் ஒட்டலை" என்று சொல்லியிருக்கலாம்!

அப்படியானால் யார்தான் பரப்பினார்கள்? சுமார் 8 சதவீதம் பேரிடமிருந்தே 60 சதவீதத் தொற்றுகள் வந்தன. அந்த 8 சதவீதத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று சொல்ல என்னிடம் எந்த டெஸ்டும் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருநாள் பத்திரமாக வீடு சேர்ந்தவர், ஓட்டலாம் என்று முடிவு கட்டுவது மாதிரிதான் உங்கள் கணக்கும்.

ஆளைப் போலவே இடமும் முக்கியம். அதே ஆய்வில், நோயாளியோடு ஒரே வாகனத்தில், பக்கத்து வரிசைகளில் 6 மணி நேரத்துக்கு மேல் பயணித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவுக்குத் தொற்றியிருந்தது. 78 பேரை மட்டும் வைத்துச் சொன்னது, சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் காய்ச்சலோடு கிளாம்பாக்கத்தில் ஏசி பஸ் ஏறி மதுரையில் இறங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தியாவில் கோவிட் தொடங்கிய விதமும் இதைத்தான் காட்டுகிறது. 2020 ஜனவரி 30-ல் கேரளத்தில் முதல் நோயாளி, வூஹானிலிருந்து திரும்பிய மாணவி. அடுத்த சில நாட்களில் இன்னும் இரண்டு மாணவர்கள். மூவரையும் தனிமைப்படுத்தினார்கள், பரவல் அங்கேயே நின்றது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி மார்ச் 7-ல், ஓமனிலிருந்து வந்தவர். ஆனால் ஏப்ரல் கடைசியில் சென்னை கோயம்பேடு சந்தைக்குள் கோவிட் நுழைந்ததும் கதை மாறியது. வியாபாரி, சுமை தூக்குபவர், லாரி ஓட்டுநர் என்று எல்லா ஊர்க்காரர்களும் நெருக்கியடித்து நின்ற இடம். மே 5-ல் மூடினார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்தவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பியிருந்தார்கள், அந்த மாவட்டங்களில் எண்ணிக்கை எகிறியது.

ஃப்ளூவுக்கும் இதே சதவீதங்கள் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் திறக்காத ஏசி மண்டபத்தில் ஆயிரம் பேர் நான்கு மணி நேரம் இருந்தால், அது ஃப்ளூவுக்கும் கொண்டாட்டம்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? மாத்திரை போடாமலே ஒரு முழுநாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கும்வரை வீட்டில் இருங்கள். மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆஸ்பத்திரிக்கோ வேறு அவசியத்துக்கோ வெளியே போனால் மாஸ்க் போடுங்கள், மூக்கையும் மூட வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் பக்கம் போகாதீர்கள். அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூச்சு வாங்கினால், தடுமாறிப் பேசினால் உடனே வாருங்கள். ஊசி போடுங்க, ஆன்டிபயாட்டிக் எழுதுங்க என்று மட்டும் கேட்காதீர்கள், தயவுசெய்து. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், அது நல்ல கேள்வி.

போகாவிட்டால் சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்கிறீர்களா? பழியை என்மேல் போடுங்கள். "டாக்டர் விடவே இல்லை" என்று சொல்லுங்கள். வேண்டுமானால் லெட்டர்ஹெட்டில் எழுதியே தருகிறேன்.