பிள்ளை நம் ஊர். பாஸ்போர்ட் எந்த ஊர்?

காரைக்குடியில் ஆடிட்டராக உட்கார்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்னிடம் வரும் வரிசை மட்டும் மாறவே இல்லை. முதலில் வசூல், பிறகு அடிக்கல் நாட்டு விழாவுக்கு அழைப்பிதழ், எல்லாம் முடிந்த பின் ஆடிட்டர்.

சென்ற மாதம் ஒரு பள்ளியின் செயலாளரும் ஓவிய ஆசிரியரும் வந்தார்கள். கலைக்கும் வடிவமைப்புக்கும் தனிக் கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். வடக்கு வெளிச்சம் விழும் ஓவியக்கூடம், மண்பாண்டச் சூளை, கண்டாங்கிச் சேலை நெய்து பழக இரண்டு தறி, ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்க ஒரு கொட்டகை. வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கே பேரேட்டை மூடிவிட்டு மண் பிசைய வேண்டும்போல் இருந்தது. பிறகு வங்கிப் பாஸ்புத்தகத்தைத் திறந்தேன்.

பதினோரு லட்சம் வரவு. அதில் நாலரை லட்சம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பதினான்கு பேரிடமிருந்து வந்திருந்தது. யார் இவர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் நம் பிள்ளைகள்தான் தம்பி. இதே பள்ளியில் படித்தவர்கள்" என்றார் செயலாளர். இந்தப் பதிலை இந்த ஆண்டில் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ., பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, கொடுத்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைத்தான் பார்க்கிறது. உங்கள் பழைய மாணவர் முப்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறார், ஆனால் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. டாலராக இருந்தாலும் சரி. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். அவரே மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. கண்டனூரில் பிறந்திருக்கலாம், பிள்ளையார்பட்டியில் காது குத்தியிருக்கலாம், நகரத்தார் கோயிலில் இன்றும் புள்ளியாக, அதாவது வரி கொடுக்கும் குடும்பமாக, இருக்கலாம். சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டவர்தான். திருவிழாவுக்கு வந்த இடத்தில் இந்திய ரூபாயை உங்கள் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான்.

"அவருக்கு இங்கே மூன்று கட்டு வீடு இருக்கிறதே" என்றார் செயலாளர். இருக்கட்டும். வீட்டில் பங்கு இருப்பது குடியுரிமை ஆகுமா?

அந்தப் பணத்தை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும், அல்லது முன் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் வந்து சேர வேண்டிய இடம், பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் அதற்கென்றே தொடங்கிய கணக்கு ஒன்றுதான். செக்காலை ரோட்டில் உங்களுக்குப் பழக்கமான மேலாளர் வைத்துக்கொடுத்த கணக்கு இதற்கு உதவாது. "வங்கி தடுக்கவில்லையே" என்று இன்னொருவர் கேட்டார். வங்கி தடுக்காதது அனுமதி ஆகாது ஐயா. இந்தச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஓவியக்கூடம் கட்டப் போய் அங்கே போய்ச் சுவரில் படம் வரைய வேண்டுமா?

அடுத்தது, பெயரில்லாமல் உண்டியலில் விழும் பணம். கோயில் திருப்பணிக்குப் பழகிய ஊர் இது; பெயர் சொல்லாமல் கொடுப்பதைப் பெருமையாக நினைப்போம். முழுக்க மதம் சார்ந்த அறக்கட்டளைக்கு அது சரி. பள்ளிக்கூடம் கோயில் அல்ல. பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிகுதிக்கு 30 சதவீதம் வரி. ரசீது எழுதச் சோம்பல்பட்டதற்கு இவ்வளவு விலை.

துண்டறிக்கையில் "வரிவிலக்கு உண்டு" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறீர்களே, கொடுப்பவருக்கு வரிக் கழிவு பெற்றுத் தரும் பதிவு, நாம் 80 ஜி என்று சொல்லிப் பழகியது, இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இடித்த வீட்டின் பர்மாத் தேக்குத் தூணையும் பழைய ஆத்தங்குடிக் கல்லையும் தருகிறார்களே, அவற்றுக்கும் கிடையாது. அந்தக் கழிவு பணத்துக்கு மட்டுமே. தூணை வாங்கிக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கும். வாக்குறுதி கொடுக்காதீர்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாட்டையா வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம், இன்று பதினெட்டுப் பங்காளிகள், அவர்களில் நால்வர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. அறக்கட்டளை பெயருக்குப் பத்திரம் பதிவாகாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

இவ்வளவு எதற்கு, வள்ளல் அழகப்பச் செட்டியார் இப்படியா கொடுத்தார் என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர அவர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று இன்றைக்கும் நாம் சொல்ல முடிகிறது, இல்லையா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தார்கள் கடைக்குக் கடை ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்குப் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் பச்சை டிக் போட்டு வசூல் கணக்கு எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தயவுசெய்து, கணக்கு எண்ணைக் குழுவில் போடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், முகவரி, பான் எண், குடியுரிமை. கட்டடத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தலைமையாசிரியரின் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. தவறான பணம் ஏற்கெனவே வந்துவிட்டதா? செலவழிக்காதீர்கள். சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அப்படியே வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் வாருங்கள்.

அன்று செயலாளர் கோபமாகவே எழுந்து போனார். ஓவிய ஆசிரியர் மட்டும் வரைபடத்தைச் சுருட்டியபடி வாசலில் நின்று, "கூடம் வந்துவிடும் இல்லையா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

வரும். முதலில் அந்தப் பதினான்கு பேரின் பாஸ்போர்ட் நகல் வரட்டும் என்றேன்.