கேன் மேல எழுதுன எழுத்து ஏன் நிக்க மாட்டேங்குது

"அண்ணே, போன மீன்புடி தடைக்காலத்துல எழுதுன நம்பர் அதுக்குள்ள உரிஞ்சு தொங்குதுண்ணே, எந்த கம்பெனி பெயிண்ட் வாங்குனா நிக்கும்?" வருசா வருசம் ஏப்ரல் 15 ஆச்சுன்னா இந்த போன் வர ஆரம்பிச்சுரும். ஜூன் 14 வரைக்கும் 61 நாளு போட்டெல்லாம் கரையில கெடக்கும், அப்பத்தான் எங்களுக்கு சீசன். முன்னாடி நான் கடை போர்டு எழுதிட்டு இருந்தவன், பிளெக்ஸ் வந்து அந்தப் பொழப்ப முடிச்சு விட்டுச்சு, அதுக்கப்புறம் மண்டபம் பாம்பன் பக்கமே கெடந்து டிஎன் 10 எம்எம்னு போட்டு ரிஜிஸ்டர் நம்பர் எழுதி எழுதி 20 வருசம் ஓடிருச்சு. இத்தன வருசத்துல நான் திருப்பிக் கேக்குற கேள்வி ஒன்னுதான், எதுக்கு மேல தம்பி எழுதுன?

இதக் கேக்க ஆரம்பிச்சதே ஒரு கேன்னாலதான். ஒரு நாட்டுப்படகுல மண்ணெண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஒரே மாதிரி வெள்ளக் கேனு. எனாமல்ல "தண்ணி"ன்னு பெருசா நானே எழுதிக் கொடுத்தேன், காசு கூட வாங்கல. ரெண்டு வாரத்துல அது செதில் செதிலா உரிஞ்சு போச்சு. ராத்திரி இருட்டுல ஒரு பையன் மண்ணெண்ணெய எடுத்து ரெண்டு வாய் குடிச்சுட்டான். கூட இருந்தவங்க தொண்டையில விரல விட்டு வாந்தி எடுக்க வைக்கப் பாத்திருக்காங்க, அது ரொம்பத் தப்பு, வாந்தியோட மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா அதுதான் உயிருக்கு ஆபத்து, அப்படியே நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும். பையன் பொழச்சுட்டான். எனக்குத்தான் ரொம்ப நாளைக்கு சோறு எறங்கல.

அந்தக் கேன், வலை மிதப்பு, மீன் போடுற கிரேட் பொட்டி எல்லாம் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் வகையறா. அதுல எந்த பெயிண்டும் கடிச்சுப் புடிக்காது, சேம்ப இலையில தண்ணி நிக்கிற மாதிரி மேலாப்புல உக்காந்திருக்கும், அவ்வளவுதான். விலை கூடுன பெயிண்ட் வாங்குனா ரெண்டு வாரத்துக்கு பதிலா ஒரு மாசம் கழிச்சு உரியும். அதுக்குன்னே பெயிண்டுக்கு அடியில அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர் இருக்கு, ஆனா கயிறு உரச உரச கடல்ல கெடக்குற சாமானுக்கு நான் அத நம்ப மாட்டேன். பெயிண்டே வேணாம், சால்டரிங் அயர்ன் எடுத்து தடிப்பான எடத்துல, கைப்புடி பக்கம், எழுத்த சுட்டு எறக்கிருங்க. புதுக் கேன்ல மட்டும்தான் செய்யணும், ஒரு தடவ பெட்ரோல் ஊத்துன கேன் காலியா இருந்தாலும் உள்ள ஆவி நிக்கும், சூட்டுக்கோல் பட்டா வெடிச்சுரும். அதவிட நல்ல வழி, தண்ணிக்கு ஒரு கலர் கேனு, எண்ணெய்க்கு வேற கலர் கேனுன்னு வாங்கிருங்க.

தெர்மாகோல் பொட்டிக்கு நேர் எதிர் பிரச்சன. ஸ்பிரே டின் பெயிண்ட் அடிச்சா அதுல இருக்குற தின்னர் தெர்மாகோல கரைச்சு குழி போட்டுரும். வீட்டுச் சொவத்துக்கு அடிக்கிற தண்ணி எமல்சன் போதும்.

அடுத்து ஜிஐ தகரம், ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு. இதுல நேரா எனாமல் அடிக்காதீங்க, ரெட் ஆக்சைடு பிரைமரும் அதே கததான். எனாமல்ல இருக்குற எண்ணெயும் தகரத்து மேல இருக்குற துத்தநாகமும் சேந்து நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் ஆயிரும், அப்புறம் அப்பளம் மாதிரி முழுசா கழண்டு வரும். மொதல்ல தகரத்த லேசா அரிச்சுப் புடிக்கிற எட்ச் பிரைமர் ஒரு கோட்டிங் அடிச்சுட்டு மேல எதையும் அடிங்க.

இனி பைபர் போட்டு. புது பைபர்ல அச்சுல இருந்து வந்த மெழுகு இருக்கும், கண்ணுக்கு தெரியாது. கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க, முத்து முத்தா நின்னா மெழுகு இருக்குன்னு அர்த்தம், ஒரே படலமா பரவுனாத்தான் பெயிண்ட் அடிக்கலாம். மெழுக தின்னர் துணியால தொடச்சு எடுத்துட்டுத்தான் உப்புத்தாள் போடணும், மாத்தி செஞ்சா மெழுக இன்னும் உள்ள தேச்சு விட்டுருவீங்க. பழைய போட்டுன்னா உப்பு. உப்புக்கு மேல பெயிண்ட் அடிச்சா அது அடியில ஈரத்த இழுத்து இழுத்து கொப்புளம் கட்டும். நல்ல தண்ணிய குடம் கணக்குல காசு கொடுத்து வாங்குற ஊர்ல போட்டக் கழுவுன்னு சொன்னா போட்டு ஓனர் சம்மாட்டிக்கு மொகம் சுருங்கத்தான் செய்யும், ஆனா வேற வழி இல்ல.

எங்க வாத்தியார் உப்பு போயிருச்சான்னு விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாப்பாரு. அத செய்யாதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். வீட்டு பெயிண்டுக்கே 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்குதான் ஈயம் இருக்கலாம்ங்கிற சட்டம் 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்சதுல எவ்வளவு கெடக்கோ. தேய்க்கும்போது தண்ணி போட்டு தேய்ங்க, புள்ளைங்கள பக்கத்துல விடாதீங்க.

பெயிண்ட் எதுன்னா, எபாக்சி நல்லா புடிக்கும் ஆனா வெயில்ல மாவு பூத்துரும், அதனால அடியில எபாக்சி, மேல பியூ, அதாவது பாலியூரித்தேன் பெயிண்ட். நம்ம காத்து அப்படிப்பட்ட காத்து, துருவ ஆராயுறதுக்குன்னே காரைக்குடியில இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் செக்ரி, மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்கு, 2025ல தெறந்த புது பாம்பன் பாலத்துக்கே துருப் புடிக்காம இருக்க பாலிசிலாக்சேன் பூச்சு போட்டிருக்காங்க. மார்க்கர் பேனா எல்லாம் இங்க வெயில்ல சாயம் போயிரும், வேணும்னா பெயிண்ட் மார்க்கர் வாங்கி டூல்ஸ் பொட்டியில எழுதிக்கலாம்.

பியூ ரெண்டு டின்னா வரும், ஒன்னு பெயிண்ட், இன்னொன்னு அத இறுக வைக்கிற ஹார்ட்னர். அந்த ஹார்ட்னர்ல இருக்குற ஐசோசயனேட் மூச்சுக்குழல கெடுத்துரும், ஒருதடவ ஒத்துக்காம ஆஸ்துமா வந்துட்டா அப்புறம் கொஞ்சூண்டு வாடைக்கே இழுக்கும். மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு ஸ்பிரே அடிக்கிற தம்பிகள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வருது, கர்ச்சீப் ஒன்னுக்கும் ஆகாது. வெறும் நம்பர் எழுத எதுக்குய்யா ஸ்பிரே? கச்சான் காத்து, அதான் மேல்காத்து, அடிக்கிற மே மாசத்துல பாதி பெயிண்ட் பக்கத்து போட்டுக்குத்தான் போகும், மீதிய மணல் வந்து மூடும். பழைய எக்ஸ்ரே பிலிம்ல எழுத்த வெட்டி, கட்டைப் பிரஷ்ல கொஞ்சமா தொட்டு, பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, குத்திக் குத்தி வைங்க. நெறைய தோச்சா எழுத்துக்கு அடியில ஒழுகி 8ம் 3ம் ஒன்னாயிரும். காலையில பனி ஈரம் காஞ்சதும் ஆரம்பிச்சு காத்து ஏறுறதுக்குள்ள முடிச்சுரணும்.

இவ்வளவும் செஞ்சாலும் வெளிய எழுதுன நம்பர் ஒரு நாள் மங்கத்தான் செய்யும். அதனால அதே நம்பர எஞ்சின் ரூம்ல வெயில் படாத பலகையில உளியால வெட்டி விட்டுருவேன். அதுக்கு நான் தனியா காசு கேக்குறது இல்ல.