ஆஃப்ஷோரிங்: பெயர்ச்சியா, பெயர்ப்பா?

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் யாருக்கும் 'ஆஃப்ஷோர்' பழகிய சொல். அமெரிக்காவுக்குப் போய் வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தால் ஆன்சைட். அதே வேலையைப் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்து செய்தால் ஆஃப்ஷோர். பிறந்த ஊரை விட்டு ஓர் அடி நகராதவர் எப்படிக் கரைக்கு அப்பால் இருப்பவர் ஆனார்? அந்தச் சொல்லில் இருப்பது அமெரிக்கக் கரை. அங்கே நின்று பார்த்தவர் வைத்த பெயர் அது. மென்பொருள் கம்பெனிகள் எடுத்துக்கொள்வதற்கு வெகு முன்பே அமெரிக்கத் தொழிற்சாலைகளோடு ஒட்டிக்கொண்ட பெயரும்கூட.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு நிறுவனம் உள்நாட்டில் செய்துவந்த வேலையை வெளிநாட்டில் வைத்துச் செய்விப்பது ஆஃப்ஷோரிங். செய்கிறவர் அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியரா, வேறொரு கம்பெனியின் ஊழியரா என்பது இங்கே பொருட்டில்லை. நாடு மாறினால் போதும்.

அவுட்சோர்சிங் வேறு. அதில் மாறுவது முதலாளி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி தன் துப்புரவு வேலையை ஏஜென்சியிடம் விட்டால் அது அவுட்சோர்சிங். நம் அரசு அலுவலகங்கள் 'வெளிமுகமை' என்று எழுதுவது இதைத்தான். இன்டெல் நிறுவனம் 1972இல் மலேசியாவின் பினாங்கில் சொந்த ஆலை திறந்தது: இது ஆஃப்ஷோரிங், ஆனால் அவுட்சோர்சிங் இல்லை. ஆப்பிள் கலிஃபோர்னியாவில் வடிவமைத்து, சீனாவின் செங்சோவில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்விக்கிறதே, அங்கே இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் நாளிதழ்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2004 பிப்ரவரியில், அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த கிரெகரி மேன்கியூ, அவுட்சோர்சிங் என்பது பன்னாட்டு வணிகத்தின் புதிய வடிவம்தான், நீண்ட காலத்தில் நல்லதே என்ற தொனியில் பேசி வாங்கிக்கட்டிக்கொண்டார். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து திட்டினார்கள். அவர் பேசியது உண்மையில் ஆஃப்ஷோரிங் பற்றி.

சொல்லின் வேர் எளிது. 'ஆஃப்' விலகி, 'ஷோர்' கரை. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றைக் கப்பல்காரர்கள் அப்படி அழைத்தார்கள். நாம் பள்ளியில் நிலக்காற்று என்று படித்தது. பிறகு கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரிக்குப் பயந்து தீவுகளில் பணம் போட்டவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆலைக்கு வந்த கதை 1960களில். கலிஃபோர்னியாவின் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் 1963இல் ஹாங்காங்கில் பொருத்தும் ஆலை ஒன்றைத் திறந்தது. சிலிக்கான் சில்லுகளை அமெரிக்காவில் செய்து, அங்கே அனுப்பி, குறைந்த கூலிக்குப் பெண்களைக் கொண்டு கம்பி இணைத்து, திரும்ப எடுத்து வருவார்கள். கை வேலை அதிகம், பொருளோ இலேசு, விமானக் கட்டணம் கட்டுப்படியாகும். தைவான், தென்கொரியா, மலேசியா என்று மற்றவர்களும் போனார்கள்.

ஹாங்காங் கடல் தாண்டிய இடம், சரி. மெக்சிகோ? டெக்சாஸின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸுக்கும் நடுவில் ஓர் ஆறுதான் ஓடுகிறது. அதற்கும் ஆஃப்ஷோரிங் என்றே சொல்லிவிட்டார்கள். சொல்லுக்குள் இருந்த கரை அப்போதே கரைந்துவிட்டது.

அதற்கு முன்னால் இருந்த சொல் இதைவிடக் காரமானது: 'ரன்அவே ஷாப்', ஓடிப்போன ஆலை. தொழிற்சங்கத்துக்காரர்களின் சொல். ஏனென்றால் ஆலைகள் வெளிநாட்டுக்கு ஓடுவதற்கு முன் உள்நாட்டிலேயே ஓடின. அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்தின் நூற்பாலைகள் சங்கம் இல்லாத தென் மாநிலங்களான கரோலினாக்களுக்குப் போயின. இதற்கு ஆர்.சி.ஏ. வானொலி நிறுவனத்தின் பயணத்தைப் பார்த்தால் போதும். நியூ ஜெர்சியின் கேம்டனில் 1936இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1940இல் நிறுவனம் இண்டியானாவின் புளூமிங்டனில் ஆலை திறந்தது. 1960களில் டென்னசியின் மெம்ஃபிஸ். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹுவாரெஸ். பெயரும் உடைமையும் கைமாறிய பிறகு புளூமிங்டன் ஆலை 1998இல் மூடப்பட்டது. கேம்டன்காரருக்குத் தன் வேலை இண்டியானாவுக்குப் போனாலும் மெக்சிகோவுக்குப் போனாலும் போனதுதான். ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகே நாடு முழுவதும் வாக்குவாதம் கிளம்பியது.

ஹுவாரெஸில் இருந்தவை 'மக்கிலடோரா' ஆலைகள். இந்த ஸ்பானியச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'மக்கிலா' என்பது ஆலைக்காரர் பிறருடைய தானியத்தை அரைத்துக்கொடுத்துவிட்டு, கூலியாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும் பங்கு. நம் அரவைக் கூலி. தானியமும் நம்முடையதல்ல, மாவும் நம்முடையதல்ல, அரைத்த கூலி மட்டும் நம்முடையது. 1965இல் மெக்சிகோ எல்லைத் தொழில்மயத் திட்டத்தைத் தொடங்கியபோது நடந்தது இதுவே: அமெரிக்காவிலிருந்து பாகங்கள் வரும், தைத்தோ பொருத்தியோ முடித்த பொருள் திரும்பிப் போகும். அமெரிக்கச் சுங்கச் சட்டமும் கைகொடுத்தது. தன் நாட்டுப் பாகங்கள் வெளியே போய்ப் பொருத்தப்பட்டு வந்தால், அங்கே கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று 1960களிலேயே விதி இருந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட நாஃப்டா வணிக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. 1992 அதிபர் தேர்தல் விவாதத்தில் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ, இந்த ஒப்பந்தம் வந்தால் தெற்கே வேலைகளை உறிஞ்சும் பெரிய ஓசை கேட்கும் என்றார். அவர் சொன்னபோதே அந்த ஓசை தொடங்கிப் பல காலம் ஆகியிருந்தது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். 'வேலைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டன' என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சோதிக்கலாம்.

ஓஹையோவின் யங்ஸ்டவுன். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. எஃகு நிறுவனம் தன் கேம்ப்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போனது. இன்றும் அந்த ஊரில் அது கறுப்புத் திங்கள். ஆனால் அந்த ஆலையை யாரும் எந்த நாட்டுக்கும் கொண்டுபோகவில்லை. பழைய உலைகள், புதிய முதலீடு போடாத வெளியூர் உரிமையாளர், போட்டிக்கு வந்த இறக்குமதி எஃகு, எல்லாம் சேர்ந்து முடித்துவைத்தன.

வட கரோலினாவின் கன்னாபோலிஸ். 2003 ஜூலை 30 அன்று பில்லோடெக்ஸ் என்ற துண்டு, படுக்கைவிரிப்பு நிறுவனம் திவாலாகி மூடியது. அந்த மாநிலத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். அதன் பிராண்டு பெயர்களை வேறு ஆட்கள் வாங்கி, துணியை வெளிநாடுகளில் நெய்து, அதே பெயரில் விற்றார்கள். ஆலை செத்தது, பெயர் மட்டும் பிழைத்தது. இதை ஆஃப்ஷோரிங் என்பதா? பாதி.

இல்லினாயின் கேல்ஸ்பர்க். அங்கே மேடேக் நிறுவனம் குளிர்சாதனப் பெட்டி செய்தது. 2002இல் அறிவித்து, 2004 செப்டம்பரில் மூடி, உற்பத்தியை மெக்சிகோவின் ரெய்னோசாவில் கட்டிய தன் ஆலைக்கு மாற்றியது. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒபாமா இந்த ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். நூற்றுக்கு நூறு ஆஃப்ஷோரிங் இது ஒன்றுதான்.

மூன்று ஊரிலும் வேலை போனது. போன விதம் மூன்று. வாக்குவாதத்தில் ஒருவர் கேல்ஸ்பர்க்கை நினைத்துப் பேசுகிறார், எதிராளி யங்ஸ்டவுனை நினைத்துப் பதில் சொல்கிறார், அப்புறம் எப்படி முடிவுக்கு வரும்?

எண்களும் இதையே காட்டுகின்றன. அமெரிக்க ஆலைத் தொழிலாளர் தொகை 1979இல் சுமார் 1.95 கோடி; அதுவே உச்சம். 2000இல்கூட 1.7 கோடிக்கு மேல் இருந்தது. 2010 தொடக்கத்தில் சுமார் 1.15 கோடி. அந்தப் பத்தாண்டில் நடந்தது சரிவு அல்ல, வீழ்ச்சி. சீனா உலக வணிக அமைப்பில் 2001 டிசம்பரில் சேர்ந்தது இதன் தொடக்கப் பகுதியில். டேவிட் ஆட்டர், டாரன் அசெமோக்லு முதலிய பொருளாதார அறிஞர்கள், 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போனதாக மதிப்பிட்டார்கள். ஆலைகளைச் சார்ந்த மற்ற வேலைகளும் அந்தக் கணக்கில் அடக்கம்.

மறுதரப்பு இயந்திரத்தைக் காட்டும். ஒரு டன் எஃகு செய்ய 1980களின் தொடக்கத்தில் சுமார் 10 மனித மணி நேரம் தேவைப்பட்டது. பின்னாளில் அது 2க்கும் கீழே வந்துவிட்டது. இது உண்மை. ஆனால் அமெரிக்க உற்பத்தி குறையவே இல்லை, ஆள்தான் குறைந்தது என்று அவர்கள் காட்டும் மொத்த எண்ணில் கணினித் துறை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கணினியின் வேகம் கூடினாலே உற்பத்தி கூடியதாகக் கணக்கெழுதும் முறை அது. சூசன் ஹவுஸ்மன் என்ற பொருளாதார நிபுணர் இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார். என் பார்வையில் 2000 வரைக்கும் இயந்திரத்தின் வாதம் வலுவானது. அதற்குப் பிந்தைய பத்தாண்டுக்கு அது மட்டும் போதாது.

இந்த இடத்தில்தான் தமிழ் உதவிக்கு வருகிறது. ஆங்கிலத்தில் வேலை நகர்ந்தது என்பதற்கும் வேலையை நகர்த்தினார்கள் என்பதற்கும் ஒரே வினைச்சொல். நமக்கு இரண்டு. வளர்ந்தது என்றால் வளர்ச்சி, வளர்த்தார்கள் என்றால் வளர்ப்பு. அதேபோல் தானாகப் பெயர்ந்தால் பெயர்ச்சி, ஒருவர் பெயர்த்தால் பெயர்ப்பு. சனிப்பெயர்ச்சிக்கு யாரும் பொறுப்பில்லை. மொழிபெயர்ப்புக்கு ஒருவர் பொறுப்பு. ஆலைகள் போனதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சனிப்பெயர்ச்சிப் பலன் போலவே இருக்கிறது, இயக்குநர் குழுவில் யாரும் கையெழுத்தே போடாதது போல. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவர் ஜாக் வெல்ச் 1998இல் ஒளிக்காமல் சொன்னார்: தன் ஆலை ஒவ்வொன்றும் தட்டையான சரக்குப் படகு ஒன்றின் மேல் இருந்தால் நல்லது, நாணய மதிப்பும் பொருளாதாரமும் மாற மாற இழுத்துக்கொண்டு போகலாம் என்று. கரை, கடல் எல்லாம் அவர் பேச்சில் அப்படியே இருக்கிறது.

இதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது? 'அயலாக்கம்' ஏற்கெனவே அவுட்சோர்சிங்குக்குப் புழங்குகிறது. அதைக் கலைக்க வேண்டாம். 'அக்கரையாக்கம்' காதுக்கு இனிமை, ஆனால் ரெய்னோசாவுக்குப் பொருந்தாது. 'புலம்பெயர்வு' பட்டினப்பாலை காலத்திலிருந்தே மனிதர்களுக்கு உரியது. இங்கே கேல்ஸ்பர்க் மனிதர்கள் அங்கேயே இருக்க, வேலைதான் போனது. 'உற்பத்தி இடமாற்றம்' நாளிதழுக்குப் போதும், ஆனால் வெளிநாடு என்பது அதில் விழவில்லை. என் தேர்வு அயல்பெயர்ப்பு. இலக்கணப்படி சேர்த்து அயற்பெயர்ப்பு என்றாலும் சரி. வெளிநாடு என்பதும் வந்துவிடுகிறது, பெயர்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் வந்துவிடுகிறது. கல்லைப் பெயர்த்து எடுப்பது என்ற அன்றாடப் பொருளும் இதில் கேட்கிறது. மூடிய ஆலையின் இயந்திரங்களைத் தளத்திலிருந்து பெயர்த்து லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு அது உருவகமாகவே தோன்றாது.

கேல்ஸ்பர்க்கில் நடந்தது அயல்பெயர்ப்பு. யங்ஸ்டவுனில் நடந்ததற்கு ஆலைமூடல் என்ற பழைய சொல்லே போதும், கன்னாபோலிஸுக்கு இறக்குமதி இழப்பு எனலாம்.

உடன்பிறந்த சொற்களும் உண்டு. நியர்ஷோரிங் என்பது அண்டை நாட்டுப் பெயர்ப்பு. ஃப்ரெண்ட்ஷோரிங், 2022இல் அப்போதைய அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் பரப்பியது, நட்பு நாட்டுப் பெயர்ப்பு. சீனாவை விட்டு வரும் ஐபோன் ஆர்டர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு வருவதை இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். ரீஷோரிங் என்றால் மீள்பெயர்ப்பு. இதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: மீள்வது உற்பத்தி, வேலையும் அதே அளவில் மீளும் என்று சொல்ல முடியாது. இண்டியானாபொலிஸில் கேரியர் நிறுவனம் தன் ஆலையை மெக்சிகோவின் மான்டெர்ரேவுக்குக் கொண்டுபோவதாக 2016 பிப்ரவரியில் அறிவித்தது. தேர்தல் முடிந்ததும் டிரம்ப் தலையிட, ஒரு பகுதி வேலைகள் அங்கேயே நின்றன. அடுத்த சில நாட்களில் தாய் நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சியில், அந்த ஆலையில் போடப்போகும் 1.6 கோடி டாலரை இயந்திரமயமாக்கவே செலவிடுவோம், கடைசியில் ஆட்கள் குறைவார்கள் என்றார்.