மாத்திரையை நிறுத்தவைக்கும் முதல் மூன்று மாதம்

அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் 'மாலா-என்' கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். ஹார்மோன் இருப்பது 21-இல் மட்டும். மீதி ஏழும் இரும்புச்சத்து. தினமும் போடும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சேர்த்தவை. முதல் அட்டையைத் தொடங்கிய பெண், மாதவிலக்குக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, உள்ளாடையில் திட்டுத்திட்டாக ரத்தம் பட்டிருப்பதைப் பார்க்கிறாள். 'நம்ம உடம்புக்கு இது ஒத்துக்கலை' என்று பலர் அட்டையைத் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது? மாத்திரையில் உள்ளவை லெவோநார்ஜெஸ்ட்ரல், எத்தினைல் ஈஸ்ட்ரடயால் என்ற இரண்டு ஹார்மோன்கள். இவை நாள்தோறும் ரத்தத்தில் இருந்தால், கருமுட்டையை வெளியேற்றச் சொல்லும் சமிக்ஞையைப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பாது. கருப்பை வாயில் உள்ள சளியும் கெட்டியாகி விந்தணுவை மறிக்கும். கூடவே கருப்பையின் உள்படலம் மெலிந்துபோகும். மெலிந்த படலத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுலபமாக உடைவதால்தான் கசிவு. படலத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டியது ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எத்தினைல் ஈஸ்ட்ரடயால். 1960-இல் அமெரிக்கா கருத்தடைக்கு அனுமதித்த எனோவிட் மாத்திரையில் அந்த வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது; மாலா-என்னில் 30 மட்டுமே. குறைத்ததால் ரத்தக்கட்டு (குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது) அபாயம் இறங்கியது, கசிவு கூடியது. இரண்டு மூன்று அட்டை முடிவதற்குள் பெரும்பாலோருக்கு இது தானாக அடங்கிவிடும்.

அட்டையை நடுவில் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஹார்மோன் சட்டென்று இறங்க, இரண்டு மூன்று நாளில் படலம் உதிர்ந்து ரத்தப்போக்கு அதிகமாகும். மாத்திரைதான் உடம்பைக் கெடுத்தது என்ற சந்தேகம் அப்போது முடிவே ஆகிவிடும். நிறுத்தியதால் வந்த ரத்தம் அது என்று யாராவது சொல்லியிருந்தால்தானே அவளுக்குத் தெரியும்!

மறதியும் கசிவைக் கூட்டும். 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரையை எடுக்கும் நேரத்தைத் தானே பதிவுசெய்யும் மின்னணுப் பெட்டியைப் பெண்களிடம் கொடுத்தார்கள். ஒரே சுழற்சியில் மூன்றோ அதற்கு மேலோ விட்டதாகக் குறிப்பேட்டில் எழுதியவர்கள் 10 முதல் 14 சதவீதம். பெட்டியின் கணக்கில் 30 முதல் 51 சதவீதம். எல்லா மறதியும் ஒன்றல்ல. இரும்பு மாத்திரை நாட்களிலேயே சினைப்பை மெல்ல விழிக்கத் தொடங்கிவிடும். அடுத்த அட்டையை இரண்டு மூன்று நாள் தள்ளித் தொடங்கினால் அது முழுதாக விழித்து முட்டையை விட்டுவிடலாம். இரும்பு மாத்திரையை மறந்தாலோ கருத்தடைக்கு ஒரு குறையும் இல்லை.

மனநிலை மாறுகிறது என்று சொல்லும் பெண்ணை 'எல்லாம் பிரமை' என்று அனுப்பிவைக்கும் டாக்டர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2017-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 340 பெண்களில் பாதிப்பேர் நிஜ மாத்திரையும் மீதிப்பேர் மருந்தில்லாத போலி மாத்திரையும் சாப்பிட்டார்கள். மனச்சோர்வு நோய் கூடவில்லை. ஆனால் நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களின் பொதுவான நலவுணர்வு குறைந்திருந்தது.

பயமும் நிறுத்தவைக்கும். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதுவகை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தார்கள். இரட்டிப்பு என்றால் சுமார் 7,000 பேரில் ஒருவர் என்பது இருவராவது. கர்ப்ப காலத்தில் அந்த அபாயம் இதைவிட அதிகம். ஆனால் காதில் விழுந்தது 'இரட்டிப்பு' மட்டும்தான். மாத்திரையை விட்டவர்கள் ஏராளம், அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. அதற்காக அபாயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்தாலோ, மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 35 வயதைத் தாண்டிய புகைப்பவர்களுக்கும், கண்ணில் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரையே வேண்டாம்.

வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் 1975-இல் வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அதிகம் பயிற்சி பெறாத வயதான மருத்துவச்சிகள். மூன்று மாதத்தில் பயன்பாடு மளமளவென்று ஏறி, பிறகு சரிந்தது. 1977-இல் படித்த இளம் பெண்களை வேலைக்கு வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பக்கவிளைவுக்கு வைத்தியம் கிடைத்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசி, காப்பர்-டி என்று வேறு வழிகளும் இருந்தன. பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டியது, இந்தமுறை சரியவும் இல்லை.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுவோர் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாது. கசிவு வந்த அன்று 'எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூணாவது அட்டையில் நின்னுடுச்சு' என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஓர் அக்கா கிடைப்பதே அரிது.