அலுமாரியில் கிடந்த கொம்பியூட்டரை உடனே போட்டுப் பார்க்காதீர்கள்

போன மாசம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பழைய பயணப் பை. உள்ளே சாரத்தில் சுற்றியபடி ஒரு சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம், ரிவியோடு கொழுவும் பழைய வீட்டுக் கணினி. ரப்பர் விசை வைத்த, 48கே நினைவகம் உள்ள வகை. லண்டனில் இருந்த தம்பி 1985 இல் கொண்டுவந்து கொடுத்ததாம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றதோடு அது அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

"தம்பி, வேலை செய்யுமோ எண்டு நேற்று ஒருக்காப் போட்டுப் பாத்தனாங்கள். ரிவியில ஒண்டும் வரேல்லை. கொஞ்ச நேரத்தில ஒரு மணம் மணத்தது."

"எந்த அடப்டரில போட்டனீங்கள், மாஸ்ரர்?"

"பழசு காணேல்லை. பேரன் ரவுட்டரின்ர 9 வோல்ட் ஒண்டு எடுத்துத் தந்தான். ஓட்டைக்குச் சரியாத்தானே போச்சுது!"

அந்தச் 'சரியாத்தானே' என்பதில்தான் வினை. ரவுட்டர் அடப்டர்களில் பெரும்பாலும் முனையின் நடுத் துளை பொசிற்றிவ், வெளிவளையம் நெகற்றிவ். ஸ்பெக்ட்ரத்துக்கு அது நேர்மாறு, நடுவில்தான் நெகற்றிவ். அளவு ஒன்று, வோல்ட் ஒன்று, திசை மட்டும் எதிர். இப்போது எந்த வீட்டு லாச்சியைத் திறந்தாலும் ரவுட்டர் அடப்டர் மூன்று நான்கு கிடக்கும் என்பதால் இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். நானும் ஒருமுறை வேறொரு பிழை விட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கிடைக்கும் பழைய வீட்டுக் கணினிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவை ஓடித் தேய்ந்தவை அல்ல, கிடந்து பழுதானவை. ஐந்து வருசம் ஓடியிருக்கும், முப்பத்தைந்து வருசம் சும்மா கிடந்திருக்கும். விசைகளில் எழுத்துக்கூட அழிந்திருக்காது. பார்க்கப் புதுசு போல இருப்பதால்தான் ஆசை வந்து உடனே சொக்கட்டில் குத்திவிடுகிறோம். உள்ளே கப்பாசிற்றர் காய்ந்திருக்கும், பற்றரி கசிந்திருக்கும், கடற்காற்றின் உப்பில் ஐசி (சில்லு) சொக்கட் கறுத்திருக்கும், பல்லி முட்டையிட்டுக் குடும்பமே நடத்தியிருக்கும்.

ஆகவே கணினியை விட்டுவிட்டு முதலில் அடப்டரைப் பாருங்கள். வயர் வெடித்திருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். நான் பழைய அடப்டரை நேரே 230 வோல்ட்டில் கொடுப்பதில்லை. ரேடியோ திருத்தும் பழைய ஆட்கள் செய்வதுபோல 60 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் கொடுப்பேன். உள்ளே சோர்ட் இருந்தால் குமிழ் பிரகாசமாக எரியும், அடப்டர் தப்பும். குமிழ் அமைதியாக இருந்தால் அதை எடுத்துவிட்டு மீட்டரை வைப்பேன். ஸ்பெக்ட்ரம் அடப்டர் சுமை இல்லாதபோது 9 வோல்ட்டுக்குப் பதில் 12, 13 என்று காட்டும். பயப்பட வேண்டாம், அது சீராக்கப்படாத வகை, அதன் இயல்பே அப்படி.

கொமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கணினி வேறு கதை. அதன் அடப்டர் ஒரு செங்கல் போலப் பாரமாக இருக்கும். 9 வோல்ட் ஏசியும் 5 வோல்ட் டிசியும் தரும். 5 வோல்ட்டைச் சீராக்கும் பகுதி வயது போகப் போகப் பழுதாகி, வோல்ட்டைக் கூட்டிவிடும். 5.25 க்கு மேலே போனால் நினைவக ஐசிகளுக்கு ஆபத்து. பழுது உள்ளே இருக்க, வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. குளிராக இருக்கும்போது ஒழுங்கான அளவு காட்டி, அரை மணி நேரம் சூடேறிய பிறகு ஏறுகிறவையும் உண்டு. உள்ளே எபொக்சி ஊற்றி மூடியிருப்பதால் திருத்துவதும் சிரமம். என் கருத்து, அந்தச் செங்கலை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு புதிதாகச் செய்த அடப்டரில் ஓட்டுங்கள். பழசின் மேல் பற்று வைக்கலாம், பழைய அடப்டரின் மேல் வைக்கக் கூடாது.

சரி, மாஸ்ரரின் பெட்டிக்கு வருவோம். ஸ்பெக்ட்ரத்தின் அடியில் ஐந்து ஸ்குரூ. கழற்றினதும் மேல்மூடியைச் சட்டென்று தூக்கினால் விசைப்பலகையின் இரண்டு நாடாக்களும் அறுந்துவிடும். இத்தனை வருச வெக்கையில் அவை பொரித்த பப்படம் மாதிரி ஆகியிருக்கும். மெல்ல ஒரு பக்கம் உயர்த்தி, நாடாவை நேரே மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அப்படிச் செய்தும் ஒன்று என் விரலில் உதிர்ந்தது. இதற்கான புதிய மெம்பிரேன் (விசைகளுக்கு அடியில் இருக்கும், நாடா வைத்த தாள்) இப்போதும் செய்து விற்கிறார்கள், ஆகவே கவலைப்படவில்லை.

உண்மையான சேதம் பலகையில். ஸ்பெக்ட்ரத்தின் 48கே நினைவகத்தில் முதல் 16கேக்கு 4116 என்ற ஐசி எட்டு இருக்கும். அந்தக் கால ஐசி, மூன்று வெவ்வேறு வோல்ட் அளவு கேட்கும். 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5. மைனஸ் 5 இல்லாமல் மற்ற இரண்டும் மட்டும் வந்தால் ஐசி செத்துவிடும். இந்த 12ஐயும் மைனஸ் 5ஐயும் உண்டாக்குகிற சுற்றில் டிஆர்4 என்றொரு ட்ரான்சிஸ்டர் இருக்கிறது. திசை மாறினால் பெரும்பாலும் முதலில் போவது அதுதான். மாஸ்ரரின் பலகையிலும் அது போயிருந்தது. அதை மாற்றி, மூன்று வோல்ட்டும் அளந்து, பிறகுதான் ரிவியில் போட்டேன். கோடு கோடாக வந்தது. திரையின் படமும் அதே முதல் 16கேயில்தான் இருப்பதால் அதன் நோய் திரையிலேயே தெரியும். இரண்டு 4116 மாற்றிய பிறகு திரை வெளுத்து, அடியில் '1982 சின்கிளேயர்' என்ற வரி வந்தது.

நான் செய்த பிழையும் இதே இடத்தில்தான். டிஆர்4 ஐ மாற்றிய அவசரத்தில், மைனஸ் 5 ஐ அளக்காமல் கறண்ட் கொடுத்து, வேறொருவரின் எட்டு ஐசியையும் ஒரே மாலையில் கொன்றேன்.

அமிகா 500 என்ற வீட்டுக் கணினி அல்லது 386 என்ற பழைய பீசி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே திறந்து பற்றரியைப் பாருங்கள். அமிகாவில் அது அடியில் செருகும் நினைவக அட்டையில் இருக்கும், 386 இல் தாய்ப்பலகையில் நீல பீப்பா போல ஒட்டியிருக்கும். நிக்கல் கட்மியம் பற்றரி கசிந்தால் பச்சை பூத்துச் செப்புக் கோடுகளைத் தின்னும். கசிவது காரம், எனவே வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை வினாகிரியை பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் உதவும், ஆனால் ஒட்டும். முடிவில் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், கேத்திலில் வெள்ளையாகப் படிவது பலகையிலும் படியும். வாகனப் பற்றரிக்கு விடும் வடிநீர் வாங்குங்கள், அசிட் போத்தலைத் தவறி எடுத்துவிட வேண்டாம். பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோல், பிறகு நிழலில் காயவிடுதல்.

வயரைப் பெட்டியின் மேல் சுற்றிக் கட்டி வைக்காதீர்கள், பிவிசி வயர் பிளாஸ்டிக்கை உருக்கித் தடம் போடும். குழாய் ரிவியின் மூடியை வீட்டில் திறக்கவே வேண்டாம். கலர் ரிவியில் 20,000 வோல்ட்டுக்கு மேலே ஓடும், சொக்கட்டைக் கழற்றிய பிறகும் குழாயில் தேங்கி நிற்கும். லண்டன் கொமடோர் ஒன்றை எங்கள் ரிவியின் ஏரியலில் கொடுத்தால் படம் வரும், சத்தம் வராது. அது பழுதல்ல, அங்கே ஒலி அலை பட அலையிலிருந்து 6 மெகாஹேட்ஸ் தள்ளி, இங்கே 5.5.

மாஸ்ரரின் பைக்குள் ஸ்பெக்ட்ரம் நிரல் பதிந்த கசெட் ஒன்றும் இருந்தது, மேலே '10ஏ' என்று பேனையால் எழுதி. ரேப் ரெக்கோடரின் பெல்ட் தார் போல உருகியிருந்ததால் வேறொன்றில் போட்டு, முதலில் ஒலியை மடிக்கணினியில் பதிந்தேன். பழைய நாடா எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. ஹெட்டின் சின்ன ஸ்குரூவை ஒலி கூர்மையாகும் வரை திருப்பி, மூன்றாவது முறை திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் ஓடி, நிரல் ஏறியது.

மாஸ்ரர் கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனார். "பொறுங்கோ, 'ரன்' அடிக்காதேங்கோ" என்றேன். ஸ்பெக்ட்ரம் நிரலைப் பதியும்போது அதற்குள் இருந்த தரவையும் சேர்த்தே பதியும். நிரலைத் தொடக்கும் 'ரன்' கட்டளையைக் கொடுத்தால் அந்தத் தரவு அத்தனையும் அழிந்துவிடும். வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர்களை அச்சிடும் வரியைத் தேடி, அந்த வரிக்கு நேரே போகச் சொல்லும் 'கோ டூ' கொடுத்தோம். ஆங்கில எழுத்தில் முப்பத்தெட்டுப் பெயர்கள், பக்கத்தில் கணிதப் புள்ளிகள். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இவன் இப்ப ரொறன்ரோவில. 34 தானோ எடுத்தவன்? எனக்கு 43 எண்டெல்லோ சொன்னவன்."