தணிக்கை என்ற சொல்லும் திறக்காத தளமும்

சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் குப்பத்துக்கு ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் கோலார். அங்குள்ள தமிழர் காதில் ஒரே சொல் மூன்று விதமாக விழும். தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் நேரில் வந்து பார்ப்பது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினாலும், கலெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் விடுதிச் சமையலறைக்குள் நுழைந்தாலும் தனிகீதான். கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் போலீஸ் விசாரணை. தமிழில் ‘தணிக்கை’ கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்ப்பதையும் குறிக்கும், சினிமாவில் வெட்டுவதையும் குறிக்கும். இப்போது ‘இணையத் தணிக்கை’ என்று இன்னொரு சுமையும் அதன் தலையில் ஏறியிருக்கிறது.

மூன்றுக்கும் வேர் அரபியின் ‘தன்கீஹ்’. மரத்தின் கணுவைச் செதுக்கிச் சீராக்குவது, பிறகு எழுதியதைத் திருத்துவது, பிறகு விசாரித்துத் தெளிவது என்று பொருள் விரிந்தது. பாரசீக, உருது அலுவலக மொழி வழியாகத் தெற்கே வந்தது. தமிழில் ‘தணி’ என்ற வினையின் சாயல் ஏறி, றன்னகரம் டண்ணகரமாகிவிட்டது. அதனால்தான் இதைத் தூய தமிழ் என்று நினைக்கிறோம். சினம் தணிந்த முருகனின் திருத்தணிகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. (1960 ஏப்ரல் வரை திருத்தணியும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பது வேறு கதை.)

நாம் இதை ஈடாக வைத்த ‘சென்சார்’ லத்தீன். பண்டைய ரோமில் குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் கணக்கெடுத்த அதிகாரிக்கு அந்தப் பெயர். ‘சென்சஸ்’ அதன் உடன்பிறப்பு. ஒழுக்கம் கெட்டவர் என்று பட்டால் பட்டியலில் பெயருக்கு எதிரே குறி போடும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. கணக்குப் பார்ப்பதும் கண்டிப்பதும் அங்கேயும் ஒரே ஆள் வேலை. அந்த வகையில் தணிக்கை நல்ல மொழிபெயர்ப்புதான், சினிமா வரைக்கும். படத்தை ஒரு குழு உட்கார்ந்து பார்க்கிறது, எதை வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறது, சான்றிதழ் திரையில் தெரிகிறது. 1983இல் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்தே சென்சார் போய், சான்றிதழ் வாரியம் ஆகிவிட்டது. நம் வாயிலிருந்துதான் போகவில்லை.

இணையத்தில் நடப்பது இதுவல்ல. தளத்தையோ பதிவையோ தடுக்க மத்திய அரசு பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்து, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்றவைதான் அதில் காரணமாக முடியும். அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை. எழுதியவருக்கோ தளத்தை நடத்துபவருக்கோ நோட்டீஸ் தந்து, குழு பரிசீலிக்க வேண்டும் என்பது பொது விதி. அவசரம் என்றால் முதலில் தடுத்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம். சிக்கல் 16ஆம் விதியில்: புகாரும் நடவடிக்கையும் ரகசியம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆணையின் நகல் கேட்டால் இந்த விதியைக் காட்டியே மறுப்பு வரும். 2015 மார்ச்சில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும், அதைப் போன்ற கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)யையும் ஒரே தீர்ப்பில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏவை நிற்கவிட்டது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதை அதற்கு நியாயமாகச் சொன்னது. கைக்குக் கிடைக்காத ஆணையை எதைக் காட்டி எதிர்ப்பது?

பத்திரிகைகள் இதற்கு ‘முடக்கம்’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது. முடங்கு தன்வினை, முடக்கு பிறவினை. ‘தளம் முடங்கியது’ என்றால் தேர்வு முடிவு நாளில் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. ‘முடக்கினார்கள்’ என்றால் ஹேக்கர் வேலையாகவும் இருக்கலாம், அரசின் வேலையாகவும் இருக்கலாம். ‘முடக்கம்’ என்று பெயர்ச்சொல்லாக்கியதும் செய்தவர் யார் என்பது மறைந்தே போகிறது. ‘தடை’ என்றால் விதித்தவர் ஒருவர் உண்டு, ‘யார் விதித்தது?’ என்ற கேள்வியும் கூடவே வரும். எனவே ‘தளத் தடை’ என்பதே சரி. இந்தியாவில் மட்டும் தெரியாமல் செய்யப்படும் பதிவுக்கு ‘மறைப்பு’ போதும்.

மாவட்டம் முழுக்க நெட் போவது மூன்றாவது வகை. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் நடந்தது. 2022 மே மாதம் ஆந்திராவின் கோனசீமாவில் நடந்தது. இதற்கு ‘துண்டிப்பு’ பொருந்தும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இந்த ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நீட்டக்கூடாது என்றது. 2024 நவம்பர் விதிகளின்படி ஓர் ஆணைக்கு 15 நாள்தான் உச்சவரம்பு. மாநிலத்தில் போடுபவர் உள்துறைச் செயலர்.

எது நடந்திருக்கிறது என்று பிரித்தறிவது கடினமில்லை. ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை ஓடினால், வேறு கம்பெனி சிம்முள்ள போனின் ஹாட்ஸ்பாட்டில் பாருங்கள். அதில் திறந்தால் தளம் படுக்கவில்லை, பெரும்பாலும் முதல் கம்பெனி தடுக்கிறது. ‘அரசு ஆணைப்படி’ என்ற அறிவிப்பு எல்லா நேரமும் வராது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் தடுத்தால் முகவரியே இல்லை என்று காட்டும். இணைப்பு தொடங்கும்போது போகும் தளப் பெயரைப் பார்த்து அறுத்தால் ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்று வரும். டிஎன்எஸ்ஸை மாற்றினால் முதல் வகைத் தடைதான் விலகும், இரண்டாவது விலகாது.

சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, கால் போகிறது, எஸ்எம்எஸ் வருகிறது, டேட்டா பேக்கும் தீரவில்லை, ஆனால் எந்த ஆப்பும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் துண்டிப்பு. ‘தமிழ்நாட்டு சிம் இருக்கிறது, தப்பித்துக்கொள்ளலாம்’ என்று எல்லையூரில் நினைப்பார்கள். நடக்காது. டேட்டா நிற்பது டவரில், சிம்மில் அல்ல. தோப்பின் கிழக்கு மூலையில் நெட் வந்து களத்துமேட்டில் வராமல் போனால், அந்த மூலையில் பக்கத்து மாநிலத்து டவர் பிடிக்கிறது என்று அர்த்தம். மாங்காய் மண்டியில் கூலி கொடுக்க ஜிபே வேலை செய்யாத நேரத்தில், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அடித்துப் பணம் அனுப்பலாம், உங்கள் சிம் கம்பெனி அந்தச் சேவையைத் தந்தால். அதற்கு இணையம் வேண்டாம். முன்பே ஒருமுறை பதிவு செய்து ரகசிய எண் (PIN) வைத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தொடங்க முயன்றால் சிக்கிக்கொள்ளக்கூடும்.

சித்தூர் பக்கத்தில் மனு எழுதுபவர்களுக்கு ஒன்று: தெலுங்கில் துண்டிப்புக்கு ‘நிலிபிவேத’ என்பதே வழக்கு. தமிழ்ப் பழக்கத்தில் ‘இன்டர்நெட் தனிகீ’ என்று எழுதிக் கொடுத்தால், பிரவுசிங் சென்டரைச் சோதனை போடச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.